லேப்டாப்பில் சிம் போட்டு நெட் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தென்காசி உறுப்பினர்:

எங்கள் ஊருக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. வேலையோ முழுக்க வீட்டிலிருந்துதான். நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் ஓட்டி போன் பேட்டரி உப்பிவிட்டது. அதனால் பழைய ஆபீஸ் லேப்டாப்புக்குள்ளேயே சிம் போடுவது என்று முடிவு செய்தேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிம் போடும் இடம் இருந்தாலே உள்ளே மோடம் (சிம்மிலிருந்து நெட் எடுக்கும் கார்டு) இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பல மாடல்களில் பாடி எல்லோருக்கும் ஒன்றுதான், கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்தான் மோடம் கார்டு போட்டுக் கொடுத்திருப்பார்கள். மற்றவர்கள் அடி மூடியைக் கழற்றினால், கார்டு செருகும் எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும். பக்கத்தில் இரண்டு ஆன்டெனா ஒயர்கள் நுனியில் டேப் ஒட்டிக் கிடந்தால் நல்ல காலம். ஒயரே இல்லாவிட்டால் கார்டு வாங்காதீர்கள். திரையைப் பிரித்து ஆன்டெனா இழுப்பதற்கு ஆகும் செலவில் நல்ல டாங்கிளே (சிம் போட்டு யுஎஸ்பியில் செருகும் வெளி மோடம்) வாங்கிவிடலாம்.

கார்டு வாங்கும்போது விலைக்கு முன்னால் பேண்டை, அதாவது எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதைப் பாருங்கள். சியரா ஒயர்லெஸ் கம்பெனியின் மோடம் கார்டுகளான இஎம்7455, இஎம்7430 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 7455 அமெரிக்கா, ஐரோப்பா பக்கத்துக்கானது, அதில் பேண்ட் 40 இல்லை. ஆசியாவுக்கான 7430இல் இருக்கிறது. ஜியோவும் ஏர்டெல்லும் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40ஐத்தான் இங்கே நிறையப் பயன்படுத்துகிறார்கள். 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 5 தூரம் போகும், சுவர் தாண்டி வரும், ஆனால் அதில் வேகம் குறைவு. 7455 போட்டால் நெட் வராமல் போகாது, பேண்ட் 3, 5 போன்ற மற்ற பேண்டுகளில் மட்டும் ஓடும். அப்புறம் டவர் பக்கத்திலேயே இருந்தும் ஏன் இழுக்கிறது என்று சிம்மைக் குறை சொல்வோம்.

இன்னொன்று, சில கம்பெனி லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டு போட்டால் ஆன் ஆகி விண்டோஸுக்குள்ளேயே போகாது. உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் எந்தக் கார்டு பொருந்தும் என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் விண்டோஸ் 10இல் வேலை சுலபம். நெட்வொர்க் செட்டிங்ஸில் செல்லுலார் என்று புதிதாக ஒன்று முளைக்கும். பெரும்பாலும் தானாகவே இணைந்துவிடும். இணையவில்லை என்றால் ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட் இணைப்புப் பெயர்) மட்டும் கொடுத்தால் போதும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம். எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல். யூசர்நேம், பாஸ்வேர்டு காலியாகவே இருக்கட்டும்.

மதுரை உறுப்பினர்:

அண்ணா, நான் உபுண்டு என்ற லினக்ஸில் டாங்கிள் வைத்திருப்பவன். டாங்கிளைச் செருகினால் முதலில் சிடி டிரைவ் மாதிரிதான் தெரியும், விண்டோஸுக்கான சாஃப்ட்வேர் அதில் இருக்கும். மோடமாக மாற அதற்குத் தனியாக ஒரு கட்டளை போக வேண்டும். லினக்ஸில் அதைச் செய்வது யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சாஃப்ட்வேர். அந்தத் தொகுப்பு இல்லாததால்தான் பலருக்கு டாங்கிள் தெரிவதே இல்லை. அதை நிறுவிவிட்டால் மீதியை லினக்ஸில் இருக்கும் மோடம்மேனேஜர், நெட்வொர்க்மேனேஜர் என்ற சாஃப்ட்வேர்கள் பார்த்துக்கொள்ளும். பழைய பதிவுகளில் *99# டயல் செய்யச் சொல்லும் விவிடயல் முறை இப்போது தேவையே இல்லை.

டாங்கிளோடு வரும் டயலர் சாஃப்ட்வேரை விண்டோஸிலும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தம்பி லேப்டாப்பில் அது விண்டோஸின் சொந்த இணைப்போடு மோதிக்கொண்டு அடிக்கடி அறுந்தது. எடுத்துவிட்ட பிறகு நிம்மதி.

லினக்ஸில் உள்கார்டு போடுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில லேப்டாப் கார்டுகளில் ரேடியோ (சிக்னல் அனுப்பும், வாங்கும் பகுதி) பூட்டிய நிலையில் வரும். முன்பு மோடம்மேனேஜர் தானாகவே திறந்துவிடும், 1.18.4 பதிப்பிலிருந்து அப்படிச் செய்வதில்லை. திறக்கும் ஸ்கிரிப்ட் அதனுடனேயே வருகிறது, நாம்தான் அதை இயக்கத்தில் வைக்க வேண்டும். கார்டு தெரிகிறது, சிம் தெரிகிறது, சிக்னல் மட்டும் பூஜ்யம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

திருச்சி உறுப்பினர்:

நான் ஆசிரியை, ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். என் பிளானில் தினமும் 1.5 ஜிபி. டாங்கிளில் சிம் போட்ட புதிதில் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும், வகுப்பு பாதியில் நிற்கும். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு படபடக்கும். பார்த்தால் பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பை செட்டிங்ஸில் மீட்டர்டு (அளவான டேட்டா) என்று குறித்த பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஃபைல்களைத் தானாக நெட்டில் ஏற்றும் ஒன்ட்ரைவையும் நிறுத்தி வைத்தேன்.

அண்ணா, ஒரு சந்தேகம். என் அறையில் இரண்டு கோடுதான் காட்டுகிறது. டாங்கிளுக்கு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டால் பலன் இருக்குமா?

தென்காசி உறுப்பினர்:

இருக்கும் அம்மா. ஜன்னல் வரை எட்டுகிற அளவுக்கு, நல்ல தரத்தில் ஒரு மீட்டர் போதும். நீளமான மலிவு ஒயரில் டாங்கிளுக்கு மின்சாரம் பற்றாமல் அறுந்து அறுந்து வரும். கோடுகளை நம்பாதீர்கள், டாங்கிளின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னல் பலத்துக்கு ஒரு எண் காட்டினால் அதைப் பாருங்கள். -90 பக்கம் இருந்தால் வகுப்பு தாராளமாக ஓடும். -110க்குக் கீழே போனால் வேறு ஜன்னல், அல்லது வேறு கம்பெனி சிம். வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டாரின் சிம்மை அதே ஜன்னலில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.