குவாங்கி: கௌபாய் பகுதி தேவையா, வெறும் இழுவையா?

பழையரீல்:
1969-இல் வந்த ‘தி வேலி ஆஃப் குவாங்கி’யை மறுபடி பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதை: 1900 வாக்கில், மெக்சிகோ. டி.ஜே. என்ற பெண் நடத்தும் குதிரைச் சாகசக் காட்சிக்குக் கூட்டம் வருவதில்லை. அவளிடம் ஒரு அதிசயம் இருக்கிறது: நாய்க்குட்டி உயரத்தில், ஆதிகாலத்துக் குதிரை ஒன்று உயிரோடு. அது வந்த பள்ளத்தாக்கைத் தேடிப் போனால் அங்கே குவாங்கி என்ற ராட்சத டைனோசர். பிடித்து வந்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அப்புறம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முடிவையும் இங்கே பேசுவோம், பிறகு திட்டாதீர்கள்.

என் கட்சி இதுதான்: பொம்மையைச் சட்டம் சட்டமாக அசைத்துப் படமெடுத்து உயிர் கொடுக்கும் ரே ஹாரிஹவுசனின் டைனோசர் மட்டுமல்ல, அந்தக் கௌபாய் சமாச்சாரமும் சேர்ந்ததால்தான் இது நிற்கிறது.

கறார்கந்தன்:
நிற்கிறதா? பாதிப் படம் வரை டைனோசரே வருவதில்லை! அதுவரை டி.ஜே.யும் பழைய காதலன் டக்கும் முறைத்துக்கொள்வதையும், குதிரைக்கு விலை பேசுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாயகி கிலா கோலனுக்குக் குரல்கூட வேறொருவர். ராட்சதக் குரங்கைப் பிடித்து வந்து காட்சி வைக்கும், 1933-இலேயே வந்த ‘கிங் காங்’ கதைக்குத் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழையரீல்:
‘காங்’ சாயல் இருப்பதில் என்ன வியப்பு? இந்தக் கதையே ‘காங்’குக்கு உயிர் கொடுத்த வில்லிஸ் ஓ’பிரையனுடையது. 1940-களின் தொடக்கத்தில் ஆர்.கே.ஓ. பட நிறுவனத்துக்காகத் தயாராகி, பாதியில் நின்றுபோனது. 1962-இல் அவர் இறந்தார். அவரிடம் வேலை கற்ற ஹாரிஹவுசன் பிறகு அதை எடுத்து முடித்தார். திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள்.

களிமண்கை:
குறுக்கே வருகிறேன். கௌபாய்கள் சுருக்குக் கயிறு வீசும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். படப்பிடிப்பில் ஒரு ஜீப்பில் உயரமான கம்பத்தை நட்டு, குதிரைக்காரர்கள் அதைச் சுற்றிக் கயிறு வீசினார்கள். பிறகு பொம்மையை அந்த இடத்தில் பொருத்தி, அதன் கழுத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, திரையில் தெரியும் நிஜக் கயிற்றோடு சட்டம் சட்டமாக ஒட்டவைத்தார் ஹாரிஹவுசன். டைனோசர் தலையைத் திருப்பினால் கயிறும் இறுக வேண்டும், குதிரையும் இழுபட வேண்டும். இந்த ஒரு காட்சி அவருக்கு மாதக்கணக்கில் வேலை வைத்தது. இணைப்பு எங்கே என்று தேடிப் பாருங்கள்.

கறார்கந்தன்:
இணைப்பைத் தேடவே வேண்டாம், நிறம் காட்டிக்கொடுக்கிறது. ஒரு ஷாட்டில் சாம்பல், அடுத்ததில் ஊதா! சரி, பொம்மை வேலை அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பர் பழையரீல் ஒன்றை மறந்துவிட்டார். அந்தக் கயிற்றால் குவாங்கியைப் பிடிக்கவே இல்லை! நடுவில் ஸ்டைரக்கோசரஸ் என்ற கொம்பு வைத்த இன்னொரு டைனோசர் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. கடைசியில் பள்ளத்தாக்கு வாசலில் பாறை சரிந்து விழுந்துதான் குவாங்கி மயங்குகிறது. கௌபாய் திறமைக்கு அங்கே என்ன வேலை?

பழையரீல்:
மறக்கவில்லை. எனக்குப் படம் பிடித்ததற்குக் காரணமே அதுதான். இவர்கள் மாடு மேய்க்கும் கௌபாய்கள் இல்லை, அந்த வேலையை மேடையில் நடித்துக் காட்டிப் பிழைப்பவர்கள். தொழில் போய்விட்டது, வித்தை மட்டும் மிச்சம். அந்த வித்தையை முதல் தடவையாக நிஜமான மிருகத்திடம் காட்டுகிறார்கள், அது போதவில்லை. காலம் தாண்டி உயிரோடு இருப்பது டைனோசர் மட்டும் இல்லை ஐயா.

கறார்கந்தன்:
நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, படத்தில் அது இல்லை. அப்படி யோசித்த படம் வேண்டுமென்றால் அதே 1969-இல் அதே வார்னர் நிறுவனம் வெளியிட்ட, காலம் கடந்துபோன கொள்ளைக்காரர்களின் கதையான ‘தி வைல்ட் பன்ச்’ இருக்கிறது. இங்கே டக் சிரித்துக்கொண்டே வியாபாரம் பேசுகிறான். இயக்குநர் ஜிம் ஓ’கானலிக்கு அந்த ஆட்களின் வருத்தத்தில் துளி அக்கறையும் இல்லை. ஜெரோம் மொராஸின் இசையை மட்டும் விட்டுவிடுகிறேன், அது தனியாகவே குதிரையேறிப் போகிறது.

இரவுக்காட்சி:
இரண்டு பேரும் 1956-இன் ‘தி பீஸ்ட் ஆஃப் ஹாலோ மவுண்டன்’ பார்த்தீர்களா? அதுவும் ஓ’பிரையன் யோசனைதான், மெக்சிகோ, கௌபாய், டைனோசர் எல்லாம் உண்டு. அதில் டைனோசர் கடைசிப் பகுதியில்தான் எட்டிப் பார்க்கும். அதுவரை மாடு காணாமல்போன தகராறுதான். இழுவை என்றால் அது! அதோடு ஒப்பிட்டால் குவாங்கி எக்ஸ்பிரஸ்.

களிமண்கை:
கறார்கந்தன், கடைசிப் பகுதியையாவது ஒத்துக்கொள்ளுங்கள். யானையோடு சண்டை, அப்புறம் தேவாலயத்துக்குள் நுழைவது. ஸ்பெயினின் குவெங்காவில் எடுத்தார்கள். அந்த உயரமான கூரைக்குக் கீழே குவாங்கியின் உறுமல் எதிரொலிக்கும்போது...

கறார்கந்தன்:
தேவாலயக் காட்சி பிரமாதம். அதில் ஒரு கயிறும் இல்லை, ஒரு குதிரையும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

பழையரீல்:
டக் ஈட்டியும் தீயும் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறான். கயிறு தோற்றதால்தானே அங்கே வந்து நிற்கிறான்! நாளைக்கு ஸ்டைரக்கோசரஸ் சண்டையைப் பற்றி எழுதுகிறேன், அங்கேயும் வாருங்கள்.