2கே சாயம் அடிக்க என்95 போதுமா?

பிறைவாசி:
மலேசியா, பினாங்கு பிறையில் கார் பட்டறை. ஹார்டனர் (சாயத்தை இறுக வைக்கும் இரண்டாம் பாகம்) கலந்த 2கே கிளியர், அதாவது மேல்பூச்சு அடிக்கிறோம். கொடுத்திருப்பது என்95 முகக்கவசமும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறையும்தான். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் (வடிகட்டிக் குப்பி மாட்டியது) கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கடையில் கார்ட்ரிட்ஜ் கறுப்பு, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று இருக்கிறது. எது சரி அண்ணே?

தெளிப்பான்:
தம்பி, என்95 தூசியை நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது. ஆவிக்கு அமெரிக்க முறையில் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. அந்த இளஞ்சிவப்பு துகளுக்கு மட்டும். சாயத்தில் துளியும் ஆவியும் சேர்ந்தே வரும், ஆகவே இரண்டையும் பிடிக்கும் வகை வேண்டும்.

ஆனால் 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. நுரையீரல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். வாடை தெரிவதற்குள் அளவு மீறியிருக்கும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை மூக்கு சொல்லாது. சாயம் அடிக்கும் அறையான பூத்துக்குள் குழாய் வழியாகக் காற்று வரும் மாஸ்க்தான் போட வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அப்படியே இழுக்காதீர்கள்: எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதைச் சுவாசத்துக்கென வடிகட்டி, கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் வாயை வண்டிப் புகை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான்: சாயம் தெளிக்கும் துப்பாக்கியை நிறுத்தியதும் பளபளப்பைப் பார்க்க முகமூடியைத் தூக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மூடுபனி அப்போதும் பூத்தில் நிற்கும். விசிறி அதை வெளியேற்றும் வரை கழற்றக் கூடாது.

கைக்காரி:
கையுறையில் ஒரே ரப்பர் எல்லாவற்றையும் தாங்காது. நைட்ரைல் அசிட்டோனில் சீக்கிரம் தோற்கும். பியூட்டைல் அசிட்டோனைத் தாங்கும், டொலுயீனைத் தாங்காது. தின்னரில் இரண்டும் இருக்கலாம். துப்பாக்கி கழுவ, பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே போட்டு மேலே நைட்ரைல் போடுங்கள். மெல்லிய நைட்ரைல் நனைந்தால் உடனே கழற்றுங்கள்.

ப்ரைமர் தேய்க்கும்போது அரை மாஸ்க் போட்டால், கார்ட்ரிட்ஜ்களை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒருநாள் தாடி முளைத்தாலே இடைவெளி விழும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் வையுங்கள். திறந்து கிடந்தால் ராத்திரி முழுவதும் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கரி, பட்டறை ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சட்டம்94:
சம்பளத்தில் பிடிக்க முடியாது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சட்டப்படி தர வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கத் தடை விதிக்கிறது. முதலாளியிடம் ஹார்டனரின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள், 8ஆம் பகுதியில் என்ன மாஸ்க், என்ன கையுறை என்று இருக்கும். அதைக் காட்டிப் பேசியும் தராவிட்டால் ஜேகேகேபியில் (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) புகார் கொடுங்கள்.