‘ஆஷி’ முகத்துக்குத் தமிழ்ச்சொல்: நீறா, பூப்பா, ஓட்டமா?

கோலாலம்பூர், தொலைக்காட்சி ஒப்பனை

அனைவருக்கும் வணக்கம். ஒப்பனைப் பயிற்சிக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாநிறத்திலும் கறுப்பிலும் பவுண்டேஷன் (முகத்தின் அடிப்பூச்சு) போட்டபின் முகம் களையிழந்து சாம்பலாகத் தெரிவதை எல்லாரும் ‘ஆஷி’ என்கிறோம். ‘நீறுபூப்பு’ என்று வைக்கலாமா? ‘நீறு பூத்த நெருப்பு’ தெரியாதவர் இல்லையே.

பினாங்கு, படப்பிடிப்பு ஒப்பனை

வணக்கம் அக்கா. கேட்க அழகான சொல்தான். ஆனால் கண்டினியூட்டி தாளில் (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமலிருக்கக் குறித்துவைக்கும் தாள்) ‘நீறு’ என்றால் நெற்றித் திருநீறு. ‘நீறு 3 பட்டை, வலப்பக்கம் கலைந்தது’ என்று எழுதும் தாளிலேயே ‘நீறுபூப்பு’ என்று குறையும் எழுதினால், உதவியாளர் துடைக்கக் கூடாததைத் துடைத்துவிடுவார். ‘பூப்பு’ என்றால் நம் வீடுகளில் சடங்குதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. ‘ஆஷி’ என்று நாம் சொல்வதற்குள் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது கலவையில் இருப்பது. பவுண்டேஷனில் வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். வெளிர் சாயல்களில் வெள்ளை கூடுதல். அது கறுத்த தோலின் மேல் மெல்லிய படலமாக அமர்ந்தால் நீலச்சாம்பலாகத் தெரியும். கண்ணுக்கு அடியிலுள்ள கருமையில் நேரே கன்சீலர் (கறையை மறைக்கும் பூச்சு) வைத்தால் இன்னும் மோசம். முதலில் கருமையின் நீலத்தை ஈடுகட்டும் ஆரஞ்சு கரெக்டர், மிகக் கறுத்த தோலுக்குச் செவ்வாரஞ்சு. ஒரு கண்ணுக்கு மிளகளவு போதும், கருமை உள்ள இடத்தில் மட்டும். அதன்மேல் தோலோடு ஒத்த கன்சீலர். சாயல் தேர்வுக்குத் தாடையோரத்தில் மூன்று கோடு இழுத்து, 10 நிமிடம் உலரவிட்டு, செட் விளக்கின் கீழ் மானிட்டரில் பார்க்க வேண்டும். மேக்கப் அறையின் மஞ்சள் பல்பை நம்பக் கூடாது: 3200 கெல்வின் மஞ்சளொளியில் சரியாகத் தெரிந்தது 5600 கெல்வின் பகலொளியில் சாம்பலாகிவிடும்.

இரண்டாவது பவுடரில் இருப்பது. நுண்ணிய சிலிக்கா பவுடர் அதிகமானால் ஸ்டில்ஸ் எடுப்பவரின் பிளாஷ் பட்டதும் மூக்கும் கண்ணடியும் வெள்ளையாக எகிறும். தொடர்ந்து எரியும் செட் விளக்கில் இது அநேகமாகத் தெரியாது, மானிட்டர் காட்டிக்கொடுக்காது. கைப்பேசி பிளாஷில் ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும். சரிசெய்ய, ஒப்பனை ஸ்ப்ரேயில் நனைத்துப் பிழிந்த பஃபால் (பஞ்சொற்றி) ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையை டிஷ்யூவால் ஒற்றாமல் பவுடர் மேல் பவுடர் போடுவதால்தான் பாதிக் கேடு.

ஆகவே முதலாவதற்குச் ‘சாம்பலோட்டம்’. ‘செவ்வரி ஓடிய கண்’ என்கிறோமே, அந்த ஓட்டம். இரண்டாவதற்குப் ‘பொடி பூத்தல்’. சுவரில் உப்புப் பூப்பதுபோல, மேலே வந்து நிற்பது.

கோலாலம்பூர்

நீறு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி தம்பி, கைவிடுகிறேன். ‘ஓட்டம்’ இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கிறது. அண்டர்டோனுக்கு (தோலுக்குள் ஓடும் மஞ்சள், சிவப்புச் சாயல்) ‘அடிநிறம்’ என்று எழுதியிருந்தேன். படிப்பவர்கள் அதை பேஸ், அதாவது அடிப்பூச்சு, என்றே புரிந்துகொள்கிறார்கள். இனி ‘நிறவோட்டம்’: மஞ்சளோட்டம், செவ்வோட்டம். மலாயில் ‘ஜுரு’ என்றால் ஒரு தொழிலில் தேர்ந்தவர்; ‘ஜுருகாமெரா’ (ஒளிப்பதிவாளர்) பழகியவருக்கு ‘ஜுருசோலேக்’ (ஒப்பனையாளர்) யாரும் விளக்க வேண்டியதில்லை. பல சொற்களில் சேரும் ‘ஓட்டம்’ அப்படி ஒரு ‘ஜுரு’வாக நமக்கு உதவும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு, மொழிபெயர்ப்பு

ஒரு ஐயம். வியர்வையில் மஸ்காரா (இமைமுடி மை) வழிந்தால் ‘மை ஓடிவிட்டது’ என்கிறோம். இரண்டு ‘ஓட்ட’மும் ஒரே தாளில் வந்தால் குழம்பாதா?

பினாங்கு

குழம்பும் ஐயா. நிறத்துக்கு மட்டும் ‘ஓட்டம்’ என்று வைத்துக்கொண்டு, மஸ்காராவுக்கு ‘மை வழிதல்’ என்று எழுதுவோம். நீங்களே ‘வழிந்தால்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.