இரண்டுக்கு ஒன்று கலந்தால் சானிடைசர் ஆகிவிடுமா?
(2020 மார்ச், கொரோனா பீதியில் சானிடைசர் தட்டுப்பாடான நாட்களில் ஒரு இணைய மன்றத்தில் நடந்த விவாதம்)

அளவுகோல்:
வாட்ஸப்பில் சுற்றும் குறிப்பை நெய்தல் இங்கேயும் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்: "சானிடைசர் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு கற்றாழை ஜெல். கலக்கினால் தயார்." எத்தனை சதவீத ஸ்பிரிட் என்று ஒரு சொல் இல்லை. கீழே வரிசையாக நன்றி வேறு.

கணக்கைப் பாருங்கள். ஸ்பிரிட் என்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70 சதவீதம். அதில் 200 மி.லி. எடுத்தால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 140 மி.லி. அதோடு 100 மி.லி. ஜெல் சேர்த்தால் மொத்தம் 300. ஆக 46.7 சதவீதம். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லும் குறைந்தபட்சம் 60. உங்கள் கையில் 91 சதவீதப் புட்டி இருந்தால் 60.7 வரும், அது விளிம்பு, ஒரு கரண்டி ஜெல் கூடினாலே கீழே போய்விடும். 99 சதவீதம் என்றால்தான் 66 வரும். ஆரம்பச் சதவீதம் தெரியாமல் "இரண்டுக்கு ஒன்று" என்பது ஒரு அளவே இல்லை. இதைப் பரப்புவதை நிறுத்துங்கள்.

நெய்தல்:
ஐயா, ஒன்றுமே பூசாத கைக்கு 46 சதவீதம் பூசிய கை மேல். 60-இல் கோடு போட்டு, அதற்குக் கீழே இருந்தால் வைரஸ் சிரித்துக்கொண்டு போய்விடுமா? ஜனங்கள் ஏற்கெனவே மிரண்டுபோய் இருக்கிறார்கள். நீங்கள் 99 சதவீதம் வேண்டும் என்று எழுதினால் நாளைக்கு எல்லோரும் அதைத்தான் அள்ளுவார்கள். ஆய்வகத்துக்கும் ஊசி போடும் இடத்துக்கும் மிச்சம் இருக்காது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கத்தான் நான் இரண்டுக்கு ஒன்று என்றேன்.

அளவுகோல்:
99 வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள்.

70 சதவீத ஸ்பிரிட் கையில் இருந்தால் அதுவே சானிடைசர். எதையும் கலக்க வேண்டாம். உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி, புறங்கை என்று 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேய்த்தால் முடிந்தது. 10 விநாடியிலேயே காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் குறிப்பு என்ன செய்கிறது? ஒரு லிட்டர் உருப்படியான திரவத்தை ஒன்றரை லிட்டர் உதவாத கூழாக மாற்றுகிறது. தட்டுப்பாட்டு நேரத்தில் இதைவிடப் பெரிய விரயம் ஏது?

தோல் வறண்டால் லிட்டருக்கு 14.5 மி.லி. கிளிசரின் விடுங்கள். 70 இருந்தது 69 ஆகும், அவ்வளவுதான். கற்றாழை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடை ஜெல் பெரும்பாலும் தண்ணீர். செடியிலிருந்து வழித்த சோறு என்றால் இன்னும் மோசம். ஆல்கஹால் பட்டதும் அதிலுள்ள பாலிசாக்கரைடு என்ற வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிப் பொருள் நூல்நூலாகத் திரிந்து படியும். எல்லா அழுத்தலுக்கும் ஒரே கலவை வராது, பம்ப் முனையும் அடைத்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
சார், நெய்தல், இருவருமே எந்தச் சதவீதத்தைச் சொல்கிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாமே. கனஅளவா, எடையா? எத்தனால் கனஅளவில் 70 என்றால் எடையில் சுமார் 62. கனஅளவில் 80 என்றால் எடையில் 73.5 அளவில் வரும். ஒரு புட்டியில் 62 என்றும் இன்னொன்றில் 70 என்றும் இருப்பதைப் பார்த்து "இது மட்டம், அது உசத்தி" என்று சண்டை போடுகிறார்கள். இரண்டும் ஒரே சரக்காக இருக்கலாம். லேபிளில் எந்த அளவு என்று பார்த்துவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை தீரும்.

இடிமழை:
எடையோ கனஅளவோ, புட்டியே இல்லை என்பதுதான் பிரச்சினை. பதுக்குகிறவனைப் பிடிக்காமல் இங்கே தசமப் புள்ளிக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். நெய்தல் சொன்னதில் தப்பே இல்லை. இல்லாதவன் வீட்டில் செய்துகொள்ளட்டும். சும்மா 46.7, 46.7 என்று பயமுறுத்துவதே ஒரு பீதி வியாபாரம்.

அளவுகோல்:
இடிமழை, பதுக்குகிறவனைப் பிடித்துவிட்டால் அலமாரி நிறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வீடுகள் வாரம் ஒரு பொட்டலம் வாங்குகிற இடம். அதில் 75 வீடுகள் வழக்கம்போல் ஒன்று வாங்க, 25 வீடுகள் மட்டும் "எதற்கும் இருக்கட்டும்" என்று நான்கு வாங்குகின்றன. 75 கூட்டல் 100, மொத்தம் 175. ஒருவர்கூடக் கிடங்கு வைத்துப் பதுக்கவில்லை. ஆனால் தேவை முக்கால் பங்கு ஏறிவிட்டது. காலி அலமாரியைப் பார்த்த மீதி 75 வீடும் அடுத்த முறை நான்கு எடுக்கும்.

கழிவறைத் தாள் முதலில் தீர்ந்ததற்கும் இதுதான் காரணம். இடத்தை அடைக்கும், லாபம் குறைவு, அதனால் கடையில் அதிகம் அடுக்கி வைக்க மாட்டார்கள். வருடம் முழுக்க ஒரே சீராக விற்கும் பொருள் என்பதால் ஆலைகளும் இரவு பகலாக முழு வேகத்தில்தான் ஏற்கெனவே ஓடும். திடீரென்று கூட்ட முடியாது. அலுவலகங்களுக்குப் போகும் பெரிய உருளை வேறு ரகம், வேறு பொதி; அதை அப்படியே வீட்டுப் பக்கம் திருப்பவும் முடியாது. 1973 எண்ணெய் நெருக்கடியில் ஜப்பானில் நடந்ததும் இதே கதைதான். ஒசாகா பக்கம் செனரி புதுநகரில் ஒரு கடையில் ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியது. அப்போது தாள் உற்பத்தி நின்றுபோகவில்லை. வரிசையைப் பார்த்து வரிசை வளர்ந்தது.

நெய்தலின் குறிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. "வீட்டில் செய்யலாம்" என்றதும் ஸ்பிரிட் தீர்ந்தது, ஜெல் தீர்ந்தது, காலிப் புட்டியும் தீர்ந்தது. கடைசியில் கையில் இருப்பது 46.7.

நெய்தல்:
கழிவறைத் தாளுக்கும் என் குறிப்புக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றாதீர்கள். 60-க்குக் கீழே ஒன்றுமே வேலை செய்யாது என்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். 59 செத்தது, 60 பிழைத்தது என்று ஏதாவது கோடு இருக்கிறதா? கிடையாது. செறிவு குறையக் குறைய வேலை குறையும், அவ்வளவுதான். பிப்ரவரியில் இங்கே நடந்த முகக்கவச விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் எல்லோரையும் வாயடைத்தீர்கள். அதை யாரும் மறக்கவில்லை.

அளவுகோல்:
குறையக் குறைய வேலை குறையும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் ஏன் குறைக்கச் சொல்லித் தருகிறீர்கள்? 60 என்பது ஈரக்கை, வியர்வை, குறைவாக ஊற்றுவது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைத்த வரம்பு. 46.7-இல் ஆரம்பித்தால் ஈரக்கையில் பட்டதும் 40-க்கு வரும். 40 சதவீதம் என்பது வோட்கா. டிட்டோஸ் என்ற வோட்கா நிறுவனமே 2020 மார்ச்சில் எங்கள் சரக்கைக் கையில் பூசாதீர்கள், அது போதாது என்று அறிவித்திருக்கிறது.

செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இருக்கிறது. 10 லிட்டருக்கு: 96 சதவீத எத்தனால் 8333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரின் 145 மி.லி. மீதி கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். ஐசோபுரோபைல் 99.8 சதவீதம் என்றால் 7515 மி.லி.; மற்றவை அப்படியே. எத்தனாலில் 80, ஐசோபுரோபைலில் 75 வரும்.

தப்பு நடக்கும் இடங்கள் இவை. தண்ணீரைத் தனியாக அளந்து ஊற்றாதீர்கள். எத்தனாலும் தண்ணீரும் சேரும்போது கனஅளவு சுருங்கும். 500-ம் 500-ம் சேர்த்தால் 1000 வராது, சுமார் 965-தான். அதனால் 10 லிட்டர் கோடு வரை நிரப்புவதுதான் முறை. கிளிசரின் கெட்டியானது, அளவுக் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றுங்கள். ஆல்கஹால் சதவீதம் காட்டும் மானி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, சூடான திரவத்தில் கூடுதலாகக் காட்டும். 80 சதவீத எத்தனால் ஆவி 17.5 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும், அடுப்பு இருக்கும் அறையில் இந்த வேலை கூடாது. தனிக் காற்றோட்ட வசதி இல்லாத இடத்தில் உள்ளூர்த் தயாரிப்பு 50 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அந்த நிறுவனத்தின் ஆவணம் சொல்கிறது. மரக்கடை, பெயின்ட் கடை ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம், அதில் மெத்தனால் இருக்கலாம். அது தோல் வழியாகவும் உள்ளே போகும்.

இடிமழை:
பெராக்சைடுதான் வைரஸைக் கொல்கிறது. அதைச் சொல்லாமல் ஆல்கஹாலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நெய்தல் குறிப்பில் ரெண்டு சொட்டு பெராக்சைடு விட்டால் 46 என்ன, 30-கூடப் போதும்.

அளவுகோல்:
தவறு. கடைசிக் கலவையில் பெராக்சைடு 0.125 சதவீதம். அது கைக்காகச் சேர்ப்பதல்ல. ஆல்கஹாலிலும் புட்டியிலும் வரக்கூடிய பாக்டீரியா வித்துகளை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவத்தை, அழிக்கச் சேர்ப்பது. ஆல்கஹால் வித்துகளைக் கொல்லாது. அதனால்தான் நிரப்பியபின் 72 மணி நேரம் மூடி வைக்கச் சொல்கிறார்கள். வேகமாக வேண்டும் என்று பெராக்சைடைக் கூட்டினால் தோல் எரிச்சல் வரலாம். ரெண்டு சொட்டில் 30-ஐ 60 ஆக்க முடியாது.

வெண்மதி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சோப்பும் தண்ணீரும் இருக்கிற வீட்டில் இந்தச் சண்டையே எதற்கு? இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்புறை. சோப்பு அதைக் கரைத்து உடைக்கிறது, மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. குறைந்தது 20 விநாடி. எண்ணெய்ப் பிசுக்கோ அழுக்கோ இருக்கும் கையில் சோப்புதான் சரி, சானிடைசர் எடுபடாது. தண்ணீர் இல்லாத இடத்துக்கு மட்டும் ஒரு சிறு புட்டி போதும்.

இன்னொன்று. என்95 கவசத்தின் மேல் சானிடைசரைத் தெளித்துத் திரும்பப் போடுகிறார்கள். செய்யாதீர்கள். நடு அடுக்கின் நுண்ணிழையில் மின்னூட்டம் இருக்கிறது, துகளைப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். பார்க்கப் புதுசாகவே இருக்கும். மருத்துவப் பணியாளர்களுக்கு மாதம் 8.9 கோடி முகக்கவசம் வேண்டும், உற்பத்தியை 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 3-இல் கேட்டது. வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் கொடுத்துவிடலாம்.

நெய்தல்:
பார்த்தீர்களா, வெண்மதியும் ஒரு சிறு புட்டி போதும் என்கிறார். நானும் சிறு புட்டிக்குத்தான் இரண்டுக்கு ஒன்று சொன்னேன். அளவுகோலுக்குத்தான் 10 லிட்டர் கணக்கு. 8333 மி.லி. எத்தனாலுக்கு யார் வீட்டில் போவது? பீதியில் வாங்க வைப்பது யார் என்று படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

இடிமழை:
எல்லாம் தீர்ந்தால் பிளீச்சிங் திரவம் இருக்கிறது. கொஞ்சம் வினிகர் சேர்த்தால் இன்னும் வீரியம்.

அளவுகோல்:
இடிமழை, அந்தப் பதிவை உடனே நீக்குங்கள். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் ஆளையே சாய்த்துவிடும். அமோனியாவோடும் ஆல்கஹாலோடும்கூட அதைக் கலக்கக் கூடாது. பிளீச் தரைக்கும் கைப்பிடிக்கும் மட்டும்: 5 சதவீதத் திரவம் 20 மி.லி., மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை பச்சைத் தண்ணீர். 0.1 சதவீதம் கிடைக்கும். துடைத்து ஒரு நிமிடமாவது ஈரமாக விடுங்கள். அன்றன்றைக்குக் கலக்குங்கள், வெயிலில் வைத்தால் வீரியம் போகும். கையில் பூசாதீர்கள்.

நெய்தல், 10 லிட்டரைப் பத்தால் வகுக்கத் தெரியாதா? ஒரு லிட்டருக்கு 833, 42, 14.5. சிறு புட்டியோ பெரிய புட்டியோ, 70-இல் இரண்டுக்கு ஒன்று 46.7-தான்.

கணக்குப்பிள்ளை:
கனஅளவா எடையா என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நெய்தல்:
என் குறிப்பை நீக்கப் போவதில்லை. உபயோகப்பட்டது என்று தனிமடலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வந்து தேர்வு எழுத எனக்கு நேரம் இல்லை.

அளவுகோல்:
நீக்க வேண்டாம். முதல் வரியில் "99 சதவீதத்துக்கு மட்டும், 70 இருந்தால் எதையும் கலக்காதீர்கள்" என்று சேருங்கள். சேர்க்கும்வரை அதை எங்கே ஒட்டினாலும் அதன் கீழே இந்த வகுத்தலை நானும் ஒட்டுவேன்.