இரண்டு ரெக்கோடரிலும் 48 என்று இருந்தால் போதுமா?

கொழுந்துக்கூடை:
கடந்த மாசியில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் காமன் கூத்தை விடிய விடியப் பதிவு செய்தோம். தப்புக்காரர்கள் (தப்பு என்னும் பறையை அடிப்பவர்கள்) அருகே ஒரு ரெக்கோடரும், அங்கிருந்து ஏறக்குறைய 34 மீற்றர் தள்ளிப் பாடுபவர்கள் அருகே மற்றொன்றும் இருந்தன. இரண்டிலும் மாதிரி வீதம் (ஒலியைச் செக்கனுக்கு எத்தனை முறை அளப்பது என்பது) 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். தொடக்கத்துத் தப்படி ஒன்றை வைத்து இரு கோப்புகளையும் பொருத்தினேன். நான்காவது மணித்தியாலத்தில் ஓர் அடி இரண்டு அடிகளாகக் கேட்கிறது. வேர்ட் குளொக் (பல கருவிகளைக் கேபிளால் இணைத்து ஒரே துடிப்பில் ஓட்டும் வசதி) உள்ள கருவிகளை வாங்கினால்தான் இது தீரும் என்கிறார் நண்பர். சரியா?

நானுஓயாக்காரன்:
வீண் செலவு, தம்பி. 48 என்றால் எல்லாக் கருவியிலும் 48தான். ஒலி ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர் செல்லும். 34 மீற்றருக்கு 100 மில்லிசெக்கன் தாமதம். ஒரு கோப்பை அவ்வளவு நகர்த்தினால் வேலை முடிந்தது.

ஊவாச் சாரல்:
தூரத்தால் வரும் தாமதம் முதல் மணித்தியாலத்திலும் 100தான், நான்காவதிலும் 100தான். ஆரம்பத்தில் பொருந்திப் பின்னர் விலகுவதற்கு அது காரணமாகாது. ஒவ்வொரு ரெக்கோடரும் தன் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்தே செக்கனை அளக்கிறது. பிரட்டுக்களத்தில் ஒன்றாக நேரம் வைத்த இரண்டு கைக்கடிகாரங்கள் மாதக் கடைசியில் ஒத்துப்போவதில்லை அல்லவா? பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன் விலகும்.

நானுஓயாக்காரன்:
அப்படியே வைத்துக்கொள்வோம். மென்பொருளில் இரண்டாவது கோப்பின் கடைசியை இழுத்து முதலாவதோடு பொருத்தினால் நடுவில் உள்ளதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இதற்கு ஏன் புதிய கருவி?

ஊவாச் சாரல்:
விலகல் ஒரே சீராக நடந்திருந்தால்தான் அது பலிக்கும். வெப்பநிலை மாறினால் படிகத்தின் துடிப்பும் சற்று மாறும். தம்பி, ஒவ்வொரு மணித்தியால முடிவிலும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். ஒரு கோப்பு 44.1 கிலோஹேர்ட்ஸ் வீதத்தில் திறக்கப்பட்டிருக்குமோ என்ற ஐயம் வேண்டாம். அப்படியானால் ஒரு மணித்தியாலம் 65 நிமிடமும் 18 செக்கனுமாக நீண்டு, குரலும் சுமார் ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) அளவுக்குக் கட்டையாகியிருக்கும்.

கொழுந்துக்கூடை:
அளந்தேன்: 60, 118, 171, 219 மில்லிசெக்கன். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கூடும் அளவு குறைகிறது. தப்பைக் காய்ச்சும் நெருப்பு முதலாவது ரெக்கோடருக்குப் பக்கத்திலேயே இருந்தது. விடியும்போது அது தணிந்து, கருவியின் மேல் பனி படிந்திருந்தது.

நானுஓயாக்காரன்:
நெருப்பை நான் நினைக்கவில்லை. இழுப்பதானால் பகுதி பகுதியாகத்தான் இழுக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஓடித்திரியும் இருட்டுத் திடலின் குறுக்கே வேர்ட் குளொக்குக்கான 75 ஓம் கேபிளை இழுப்பது யாரால் முடியும்?

ஊவாச் சாரல்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. வேர்ட் குளொக், கருவிகள் கேபிளால் இணையும் இடத்துக்கு உரியது. எட்டு மைக் ப்ரீஅம்ப்பை (எட்டு மைக்குகளின் ஒலியை உயர்த்தும் கருவியை) ஒப்டிகல் கேபிள் வழியாக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் கருவியில்) இணைக்கும்போது இரண்டும் ஒரே துடிப்பில் ஓட வேண்டும். ப்ரீஅம்ப் 'இன்டர்னல்' (தன் சொந்தத் துடிப்பு) என்றால், இன்டர்ஃபேஸ் 'ஒப்டிகல்' என்று அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டையும் இன்டர்னலிலேயே விட்டுவிட்டு, இடையிடையே வரும் 'டிக்' சத்தத்துக்குக் கேபிளைத் திட்டுபவர்கள்தான் அதிகம். தனித்தனி ரெக்கோடர்களுக்கு, பின்னர் பொருத்துவதற்கு அடையாளமாக மணிக்கொரு தட்டல் போதும்.

நானுஓயாக்காரன்:
தட்டலுக்குத் தப்படியே இருக்கிறதே?

ஊவாச் சாரல்:
அங்கேதான் உங்கள் 100 மில்லிசெக்கன் வேலை செய்கிறது. தப்படியை வைத்துப் பொருத்தினால் தப்பின் ஓசை ஒன்றுசேரும். ஆனால் பாடுபவரின் குரல் இரு கோப்புகளுக்கும் இடையில் 200 மில்லிசெக்கன் பிரிந்துவிடும். இரு ரெக்கோடர்களுக்கும் சரி நடுவில் நின்று பலகையைத் தட்டினால் ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடையும்.

கொழுந்துக்கூடை:
அடுத்த மாசியில் ரெக்கோடரை நெருப்பிலிருந்து தள்ளி வைத்து, நடுத்திடலில் ஒருவரைப் பலகையோடு நிறுத்துகிறோம். வீதத்தை 96க்கு உயர்த்தலாமா?

நானுஓயாக்காரன்:
வேண்டாம். 48இலேயே ஸ்டீரியோ 24 பிட்டுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட்டுக்கு மேல் போகும். 96இல் அது இரட்டிப்பாகும், விலகல் மட்டும் அப்படியே இருக்கும். விடியும்வரை விழித்திருந்து பலகை தட்ட ஓர் ஆளைத் தேடுங்கள், அதுதான் கடினம்.