ஸ்டான்லி டோனன் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஹாலிவுட் இயக்குநர் டோனனின் இசை நகைச்சுவைப் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்? 'ராயல் வெட்டிங்'கில் (1951) நடனக் கலைஞர் ஃப்ரெட் அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடுவதை எப்படி எடுத்தார்கள்?

பதில் 1: 'ஆன் தி டவுன்' (1949). நடிகரும் நடனக் கலைஞருமான ஜீன் கெல்லியோடு சேர்ந்து இயக்கிய முதல் படம், அப்போது டோனனுக்கு வயது 25. சில காட்சிகள் நியூயார்க் தெருக்களிலேயே எடுத்தவை. அடுத்து 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952), 'ஃபன்னி ஃபேஸ்' (1957).

பதில் 2: அறை மொத்தமும் சுழலும் உருளைக்குள் கட்டப்பட்டது. கேமராவும் ஒளிப்பதிவாளரும் அறையோடு பிணைக்கப்பட்டுச் சேர்ந்தே சுழன்றார்கள். அதனால் திரையில் அறை அசையாது. அஸ்டேர் எப்போதும் கீழே வரும் பக்கத்தில்தான் நிற்கிறார். நாற்காலி, விளக்கு, திரைச்சீலை எல்லாம் இறுக்கிப் பொருத்தியாக வேண்டும். ஒரு துணி தொங்கினாலே குட்டு உடைந்துவிடும். அவர் சுவருக்கு மாறும் நொடியைக் கவனியுங்கள், தளம் சாய்வதற்கு ஏற்ப எடையை மாற்றுவது தெரியும். அபாரம்!

பதில் 3: அதற்கு முன்பே 'கவர் கேர்ள்' (1944) உண்டு. கெல்லி தன் பிம்பத்தோடு ஆடும் பாட்டு டோனனின் யோசனை. இரண்டு முறை தனித்தனியாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று பதித்தது. கேமரா நகர்வு இரண்டு முறையும் தாளத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் பிம்பம் வழுக்கும். கணினி இல்லாத காலம் அது.