ஆத்தங்கரை வீட்டுக் குழுவில் ஒரு டெர்பி

வியாழன்

ரமேஷ் (இரவு 7.42): [வீடியோ. பலமுறை பகிரப்பட்டது]

ரமேஷ்: கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். நாற்காலியைப் பிடுங்கி மைதானத்துக்குள் எறிகிறார்கள் பாருங்கள். ஃபுட்பால் வெறி! நம்ம கார்த்தி சனிக்கிழமை இங்கேதான் மேட்ச் பார்க்கப் போகிறான்.

மல்லிகா: எங்கே போகிறான்?

மல்லிகா: கார்த்தி

மல்லிகா: கார்த்தி என்ன இது

ரமேஷ்: அக்கா, உனக்குத் தெரியாதா? டிக்கெட்டை ஸ்டேட்டஸில் போட்டிருந்தானே.

கார்த்தி: சின்ன மாமா, அந்த ஸ்டேட்டஸை அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். நன்றி.

சரோஜா: ஊர் வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு யார் யார் பணம் போட்டீர்கள்? எலக்ட்ரீஷியன் காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

மல்லிகா: அக்கா கொஞ்சம் இரு. கார்த்தி, போன் எடு.

கார்த்தி: ஆபீஸ் காலில் இருக்கிறேன் அம்மா. எழுதுகிறேன். முதலில் அந்த வீடியோ. அது டெர்பியே இல்லை, அதாவது நான் போகிற ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன் ஆட்டம் மாதிரி ஒரே ஊர் அணிகள் இரண்டு மோதுவது இல்லை. 2025 டிசம்பர் 13, மெஸ்ஸி வந்த நாள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி உள்ளே போனவர்களுக்கு அவர் தலைகூடத் தெரியவில்லை. சுற்றிலும் பெரிய மனிதர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பியும் விட்டார். அப்புறம்தான் பாட்டிலும் நாற்காலியும் பறந்தன. இரண்டு கிளப் ரசிகர்களின் சண்டையே கிடையாது அன்றைக்கு.

ரமேஷ்: நாற்காலி எதற்காகப் பறந்தால் என்ன, மண்டை ஒன்றுதானே உடையும்.

சரோஜா: மெஸ்ஸி யார்?

பிரியா: அம்மா!!

சுந்தரம்: கார்த்தி, எந்த கேட்?

கார்த்தி: ஈஸ்ட் பெங்கால் பக்கம், பெரிய மாமா. பக்கத்து சீட் பையன் டிக்கெட் வாங்கினான், அதனால் நானும்.

சுந்தரம்: எந்த அணி என்று நான் கேட்கவில்லை. எந்த கேட், எத்தனை படி, உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் ஒன்றா என்று கேட்டேன்.

கார்த்தி: அதெல்லாம் டிக்கெட்டில் இருக்காது மாமா. கேட் நம்பர் மட்டும்தான் இருக்கிறது.

மல்லிகா: அண்ணா, நீங்கள் அவனைப் போக வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று பார்த்தால் படி எத்தனை என்று கேட்கிறீர்கள்.

சுந்தரம்: நான் அந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் மல்லிகா. போக வேண்டாம் என்று சொன்னால் போகாமல் இருப்பானா? நாம் அப்பாவிடம் எத்தனை பொய் சொல்லியிருப்போம்.

சுந்தரம்: அப்போது டெர்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போரோ மேட்ச். பெரிய ஆட்டம். அவ்வளவுதான் பெயர். மோகன் பாகன் 1889-ல் தொடங்கிய கிளப், பழைய கல்கத்தாக்காரர்கள் அதன் பக்கம். ஈஸ்ட் பெங்கால் 1920. பிரிவினையில் எல்லாவற்றையும் கிழக்கு வங்கத்தில், இன்றைய பங்களாதேஷில், விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த கிளப்தான் ஊர், வீடு, முகவரி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மறுநாள் மார்க்கெட்டில் இலிஷ் மீன் விலை ஏறும். மோகன் பாகன் ஜெயித்தால் சிங்கிரி, அதாவது இறால். லேக் மார்க்கெட்டில் நான் இரண்டு விலையும் பார்த்திருக்கிறேன். நான் சைவம் என்பது வேறு விஷயம்.

சரோஜா: இலிஷ் என்றால் நம்ம உள்ளம் மீன்தானே? அதில் முள் அதிகம்.

சுந்தரம்: அதேதான்.

ரமேஷ்: அண்ணா மீன் கதை சொல்லி விஷயத்தை மாற்றுகிறார். 1980-ல் ஈடன் கார்டனில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இப்போதுதான் கூகிள் செய்தேன். 16 பேர்!

மல்லிகா: பதினாறு பேர் என்ன?

மல்லிகா: அண்ணா?

சுந்தரம்: பெரிதாக எழுத வேண்டும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

சுந்தரம் (இரவு 9.05): 1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. எனக்கு அரை நாள் ஆபீஸ். லீக் ஆட்டம், ஈடன் கார்டனில். கிரிக்கெட் மைதானம்தான், அப்போது பெரிய ஃபுட்பால் ஆட்டங்களையும் அங்கே நடத்தினார்கள். சால்ட் லேக் 1984-ல்தான் வந்தது. முக்கியமான ஒன்று, அந்த கேலரியில் இரண்டு கிளப் ஆட்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கவில்லை.

சுந்தரம்: மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பாகனின் பிதேஷ் போஸ். ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டார்கள், இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். கீழே நடந்தது மேலே பற்றிக்கொண்டது. கல், செங்கல், கையில் கிடைத்தது எல்லாம். தப்பிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள். 16 பேர் செத்தார்கள். பாதிக்கும் மேல் சின்னப் பையன்கள் என்றுதான் அப்போது எங்கள் மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

மல்லிகா: கார்த்தி டிக்கெட்டைத் திருப்பிக் கொடு.

சுந்தரம்: இன்னும் முடிக்கவில்லை அம்மா. என் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் அன்றைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை ஆபீஸ் வந்தார், வேலை செய்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. துர்கா பூஜை எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது தானாகச் சொன்னார். "என்னை யாரும் அடிக்கவில்லை. நான் படியில் இறங்கவும் இல்லை. என் கால் தரையிலேயே படவில்லை. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது, மூச்சு மட்டும் விட முடியவில்லை" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு செருப்பு இல்லை, கையில் யாருடையதோ ஒரு குடை. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் குடை எங்கள் ஆபீஸ் அலமாரியில் நான் மாற்றலாகி வரும்வரை இருந்தது. மழை கொட்டினாலும் யாரும் அதை எடுக்க மாட்டோம்.

சரோஜா: பாவம்.

பிரியா (லிவர்பூலில் மாலை, டியூட்டிக்குப் போகிறேன்): பெரிய மாமா, கால் தரையில் படவில்லை என்பதை இங்கேயும் அப்படியே சொல்வார்கள். என் வார்டில் வயதானவர்கள் சில பேர் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில், லிவர்பூல் ஆட்டம் பார்க்கப் போய் நெரிசலில் இருந்தவர்கள்.

ரமேஷ்: அதுவும் குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் கேட்டை உடைத்த கேஸ்தானே?

பிரியா: சித்தப்பா முறை இருந்திருந்தால் திட்டியிருப்பேன், மாமாவாகப் போய்விட்டீர்கள். இல்லை. கேட்டைத் திறக்கச் சொன்னது போலீஸ். ஏற்கெனவே நிரம்பிய கம்பிக்கூண்டுக்குள் அத்தனை பேரும் போனார்கள். முன்னால் வேலி, பின்னால் கூட்டம். 97 பேர். கடைசி ஆள் 2021-ல் இறந்தார். குடித்தார்கள், செத்தவர்களின் பையில் கைவிட்டார்கள் என்றெல்லாம் ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அந்த 'சன்' பேப்பரை இந்த ஊரில் இன்றைக்கும் பல கடைகளில் வைப்பதில்லை. ரசிகர்கள் மேல் தப்பு இல்லை என்று ஜூரி சொல்ல 2016 ஆனது. 27 வருஷம்.

ரமேஷ்: சரி சரி. அப்போ ஹெய்சல் ஸ்டேடியம்? அதையும் படித்துவிட்டேன். 1985, பிரஸ்ஸல்ஸ். உன் லிவர்பூல் ஆட்கள்தானே இத்தாலி கிளப் யுவெண்டஸின் ஆட்கள் மேல் பாய்ந்தார்கள்? 39 பேர். அதையும் கேட் மேலே, போலீஸ் மேலே போடுவாயா?

பிரியா: போட மாட்டேன். பாய்ந்தார்கள். ஓடியவர்கள் ஒரு சுவரோடு நசுங்கினார்கள், சுவரும் விழுந்தது. ஸ்டேடியம் இற்றுப்போனது என்பது உண்மை. ஆனால் பாய்ந்தது அதைவிட உண்மை. 14 பேருக்குத் தண்டனை, இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் 5 வருஷம் தடை, லிவர்பூலுக்கு 6. இங்கே 97 பற்றி யாரும் பேசுவார்கள். 39 என்றால் குரல் இறங்கிவிடும்.

சுந்தரம்: ரமேஷ் கேட்டது நியாயமான கேள்வி. ஈடனில் கல் எறிந்தவன் இருந்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எறிந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். படியில் சிக்கியவன் போகவில்லை. இரண்டையும் "ரசிகர் வெறி" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் படிக்கட்டைக் கட்டியவனும் டிக்கெட் விற்றவனும் மூட்டைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

கார்த்தி: இந்தோனேசியாவையும் பாருங்கள் மாமா. 2022 அக்டோபர் 1, மலாங், கஞ்சுருஹான் ஸ்டேடியம். எதிரணி ரசிகர்களை உள்ளேயே விடவில்லை, சண்டை வரும் என்று. சொந்த அணி தோற்றதும் சில பேர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கேலரியைப் பார்த்தே கண்ணீர்ப் புகை அடித்தது. எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். 135 பேர். ஸ்டேடியத்துக்குள் கண்ணீர்ப் புகை கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது.

மல்லிகா: நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைத் தைரியப்படுத்துகிறீர்களா, என்ன செய்கிறீர்கள்?

சரோஜா: மோட்டார் பணம்.

ரமேஷ்: போட்டுவிட்டேன் பெரியக்கா. ஸ்கிரீன்ஷாட் தனியாக அனுப்புகிறேன்.

வெள்ளி

மல்லிகா (காலை 6.10): தூங்கவில்லை. கார்த்தி, அங்கே இப்போதும் கல் எறிகிறார்களா? உண்மையைச் சொல்.

கார்த்தி: 2012 டிசம்பரில் எறிந்தார்கள். சால்ட் லேக்கில், இதே இரண்டு அணி. மோகன் பாகன் ஆட்டக்காரர் ரஹீம் நபி முகத்தில் பட்டது. அந்த அணி இரண்டாவது பாதிக்கு வரவே இல்லை. அதற்காக அவர்களுக்கு 2 வருஷத் தடை, அப்புறம் தடையை எடுத்துவிட்டு 2 கோடி அபராதம்.

ரமேஷ்: அடி வாங்கியவனுக்கே அபராதமா! பிரமாதம்.

கார்த்தி: அதற்கப்புறம் இருக்கை, பிரிப்பு எல்லாம் நிறைய மாறிவிட்டது அம்மா. 1997-ல் இதே ஸ்டேடியத்தில் ஒரு டெர்பிக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். இப்போது ஆளுக்கு ஒரு நாற்காலி, எழுபதாயிரத்துக்குக் கீழேதான் கொள்ளும்.

சுந்தரம்: 97 ஆட்டம் தெரியும். பைச்சுங் பூட்டியா மூன்று கோல். டிவியில் பார்த்தேன், உன் அத்தை திட்டிக்கொண்டே இருந்தாள்.

கார்த்தி: வாய்ச் சண்டை இருக்கிறது, மறைக்க மாட்டேன். மோகன் பாகன் பக்கம் ஈஸ்ட் பெங்கால்காரர்களை அகதி என்று பாட்டுப் பாடுவார்கள், லோட்டா என்று கேலி செய்வார்கள். இவர்கள் பதிலுக்கு மாச்சா என்பார்கள். 2020 ஜனவரியில், குடியுரிமைப் பதிவேடு பேச்சு சூடாக இருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல என்று. என் பக்கத்து சீட் பையன் அதைப் போனில் வால்பேப்பராக வைத்திருக்கிறான். அவன் பாட்டி பங்களாதேஷ் பக்கத்துக் குல்னாவிலிருந்து வந்தவர்.

பிரியா: கல்லுக்குப் பதில் துணி. பரவாயில்லை.

கார்த்தி: 2024 ஆகஸ்ட் 18 பற்றியும் கேளுங்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்த டாக்டர் பெண் கொல்லப்பட்ட சமயம். டுராண்ட் கோப்பை டெர்பியைப் பாதுகாப்பு இல்லை என்று ரத்து செய்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன், கல்கத்தாவின் இன்னொரு பழைய கிளப்பான முகமதன், மூன்று கொடியும் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக வந்தது, நீதி கேட்டு. போலீஸ் தடியடி நடத்தியது. ஆட்டம் நடத்தப் போலீஸ் போதவில்லை, தடியடிக்கு எங்கிருந்து வந்தார்கள் என்று அன்றைக்கு ஊரே கேட்டது.

சுந்தரம்: அது எனக்குத் தெரியாமல் போயிற்றே. மூன்று கொடியுமா?

கார்த்தி: மூன்றும். இவன் தோளில் அவன் ஏறி நிற்கிற படம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

சுந்தரம்: [படத்துக்கு இதயக்குறி]

ரமேஷ்: அண்ணா இதயம் போடக் கற்றுக்கொண்டார்!

சுந்தரம்: கை பட்டுவிட்டது.

மல்லிகா: சரி. போ. ஆனால் அண்ணா சொல்கிறபடி.

சுந்தரம்: எழுதிக்கொள். ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போ. உட்கார்ந்ததும் மேட்சைப் பார்க்காதே, வெளியே போகிற வழி எங்கே என்று பார். வந்த வழி மட்டுமே வழி என்று நினைக்காதே. ஆட்டம் முடிந்ததும் முதலில் எழுந்திருக்கிற நூறு பேரில் நீ இருக்காதே. உட்கார்ந்திரு, கூட்டம் கரையட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள். குனிந்து எதையும் எடுக்காதே, போன் விழுந்தாலும்.

பிரியா: நெரிசல் வந்தால் கையை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள், கார்த்தி. மூச்சுக்கு இடம் வேண்டும். இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

கார்த்தி: சரி அக்கா. சரி மாமா.

மல்லிகா: சட்டை என்ன நிறம்?

கார்த்தி: சிவப்பும் மஞ்சளும்.

மல்லிகா: அதற்கு மேலே வேறு சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போ.

சனி

கார்த்தி (மாலை 6.20): உள்ளே வந்துவிட்டேன். பாட்டில், பவர் பேங்க், குடை எதையும் விடவில்லை. வெளியே போக இடது பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. பார்த்துவிட்டேன் மாமா.

சுந்தரம்: எத்தனை படி?

கார்த்தி: மாமா!

கார்த்தி: 31.

மல்லிகா (இரவு 9.31): மேட்ச் முடிந்திருக்குமே.

மல்லிகா: கார்த்தி

மல்லிகா: ஒரே டிக்தான் வருகிறது

மல்லிகா: ரமேஷ், டிவியில் ஏதாவது காட்டுகிறார்களா?

ரமேஷ்: ஒன்றும் இல்லை அக்கா. அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க் எடுக்காது. பயப்படாதே.

சுந்தரம்: உட்கார்ந்திருக்கச் சொன்னேன். உட்கார்ந்திருப்பான்.

மல்லிகா (இரவு 9.52): அண்ணா

சுந்தரம்: உட்கார்ந்திருப்பான் அம்மா.

கார்த்தி (இரவு 10.04): வெளியே வந்துவிட்டேன். சிக்னல் இப்போதுதான் கிடைத்தது. கேலரி பாதி காலியான பிறகுதான் எழுந்தேன். நண்பன் பேசாமல் வருகிறான். நாளைக்கு மார்க்கெட்டில் சிங்கிரிதான் விலை ஏறும்.

ரமேஷ்: தோற்றாயா! ஹா ஹா.

மல்லிகா: தோற்றால் தோற்கட்டும். எங்கே நிற்கிறாய்?

கார்த்தி: பைபாஸ் ரோட்டில், பஸ்ஸுக்கு. நல்ல மழை. குடை இல்லை, தொப்பலாக நனைந்துவிட்டேன்.

சுந்தரம்: நனையட்டும்.

சரோஜா: இறால் அங்கே கிலோ என்ன விலை?